லாஜிக் ஆப்ஸ் ஸ்டாண்டர்டு: பொது இணைய வழியை அடைத்ததும் ஆப் எழுந்திருக்கவே மாட்டேன் என்கிறது

ஈரோடு_தேவ் (கேள்வி)

வணக்கம். ஒரு உற்பத்தி நிறுவனத்துக்காக மைக்ரோசாஃப்டின் அஸூர் மேகத்தில் பணியோட்டங்களை ஓட்டுகிற லாஜிக் ஆப்ஸ் ஸ்டாண்டர்டு சேவையில் கொள்முதல் ஆர்டர் பணியோட்டம் ஒன்றை நடத்திக்கொண்டிருக்கிறோம். ரீஜன் சென்ட்ரல் இந்தியா, பிளான் டபிள்யூஎஸ்1. சப்ளையர் தன்னுடைய எஸ்எஃப்டிபி (பாதுகாப்பான ஃபைல் பரிமாற்ற) சர்வரில் ஃபைல் போடுவார், நாங்கள் அதை எடுத்து அஸூர் எஸ்க்யூஎல்லில் உள்ள விலைப்பட்டியலோடு ஒப்பிட்டு, மேலாளருக்கு அவுட்லுக்கில் ஒப்புதல் மெயில் அனுப்பி, அவர் பட்டனை அழுத்தியதும் தொழிற்சாலையில் இருக்கிற பழைய எஸ்க்யூஎல் சர்வரில் பதிவு செய்வோம். இது போக, ஈஆர்பி (நிறுவன நிர்வாக மென்பொருள்) நேராகக் கூப்பிட்டுப் பணியோட்டத்தைத் தொடங்குகிற ஹெச்டிடிபி ட்ரிகர் ஒன்றும் உண்டு.

இதுவரை எல்லாம் பொது இணையம் வழியாகவே ஓடியது. இப்போது வாடிக்கையாளரின் பாதுகாப்புக் குழு, ஸ்டோரேஜ் அக்கவுன்ட், எஸ்க்யூஎல் இரண்டிலும் பொது அணுகலை மூடச் சொல்லிவிட்டது. ட்ரிகர் யூஆர்எல் இணையத்தில் யாருக்கும் திறக்கக் கூடாது, சப்ளையரிடம் கொடுக்க நிலையான ஐபி ஒன்றும் வேண்டும் என்கிறார்கள்.

சோதனைச் சூழலில் வி-நெட் இன்டக்ரேஷன் (ஆப்பை அஸூரில் உள்ள நம் தனி நெட்வொர்க்கோடு இணைப்பது) போட்டாயிற்று. ஸ்டோரேஜ் ஃபயர்வாலை மூடிய கொஞ்ச நேரத்தில் ஆப் 503 (சேவை கிடைக்கவில்லை) பிழை கொடுக்க ஆரம்பித்தது, போர்ட்டலில் ஹோஸ்ட் ரன்டைமையே அணுக முடியவில்லை என்று வருகிறது. ஆப்பின் அவுட்பவுண்ட் ஐபிகள் எல்லாவற்றையும் ஸ்டோரேஜ் ஃபயர்வாலில் சேர்த்தும் மாற்றமில்லை. ஸ்டோரேஜின் பிளாப் சேவைக்கு ஒரு பிரைவேட் எண்ட்பாயின்ட் (வி-நெட்டுக்குள் ஒரு தனி முகவரி) போட்டேன், அப்போதும் அதே 503. எஸ்க்யூஎல்லுக்கும் பிரைவேட் எண்ட்பாயின்ட் போட்டிருக்கிறேன். வி-நெட்டுக்குள் ஒரு விஎம்மிலிருந்து (மெய்நிகர் கணினி) பார்த்தால் கனெக்ட் ஆகிறது, பணியோட்டத்திலிருந்து மட்டும் ஃபயர்வால் மறுக்கிறது. ஒரே வி-நெட்தான்.

எந்த வரிசையில் இதை அணுகுவது? டாக்குமென்டேஷனில் எல்லாம் இருக்கிறது, ஆனால் பத்துப் பக்கத்தில் சிதறிக் கிடக்கிறது. நடைமுறையில் செய்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

---

போர்ட்445

முதலில் ஸ்டோரேஜைத் தீர்த்துவிடுங்கள், மற்றதெல்லாம் அப்புறம். ஆப் எழவில்லை என்றால் வேறு எதையும் சோதிக்க முடியாது.

ஐபி சேர்த்தது ஏன் வேலை செய்யவில்லை என்றால், ஸ்டோரேஜ் அக்கவுன்ட் இருக்கிற அதே ரீஜனிலிருந்து வருகிற கோரிக்கைகளுக்கு ஐபி விதி செல்லாது. உங்கள் ஆப்பும் சென்ட்ரல் இந்தியா, ஸ்டோரேஜும் சென்ட்ரல் இந்தியா. ஒரே ரீஜனுக்குள் அந்தப் போக்குவரத்து அஸூரின் உள் முகவரிகளிலிருந்து போகும், நீங்கள் எழுதி வைத்த பொது ஐபி ஸ்டோரேஜின் கண்ணில் படவே படாது. அந்த விதிகளை எல்லாம் எடுத்துவிடுங்கள், பின்னால் பார்க்கிறவர்களைக் குழப்பும்.

அடுத்தது, பிளாபுக்கு மட்டும் எண்ட்பாயின்ட் போட்டால் போதாது. லாஜிக் ஆப்ஸ் ஸ்டாண்டர்டு ஒரே ஸ்டோரேஜ் அக்கவுன்டின் நான்கு சேவைகளையும் பயன்படுத்துகிறது. உங்கள் பணியோட்ட ஜேசன் ஃபைல்களும் கான்ஃபிகரேஷனும் இருப்பது ஃபைல் ஷேரில். ரன் ஹிஸ்டரியும் நிலைத் தகவலும் டேபிளில். அடுத்து எந்த வேலையை ஓட்டுவது என்கிற திட்டமிடல் க்யூவில். பெரிய உள்ளீடு வெளியீடுகள், ஹோஸ்டின் பூட்டு (lock) எல்லாம் பிளாபில். ஒரு பிரைவேட் எண்ட்பாயின்ட் ஒரு துணைச் சேவைக்கு மட்டும்தான், ஆகவே பிளாப், ஃபைல், க்யூ, டேபிள் என்று நான்கு எண்ட்பாயின்ட், நான்கு பிரைவேட் டிஎன்எஸ் ஸோன் (சேவையின் பெயரை அதன் தனி முகவரியாக மாற்றித் தருகிற பட்டியல்). நான்கு ஸோனையும் உங்கள் வி-நெட்டோடு லிங்க் செய்திருக்க வேண்டும். ஸோனை உருவாக்கிவிட்டு லிங்க் செய்யாமல் விடுவது அடிக்கடி நடப்பது.

ஆப் செட்டிங்கில் வெப்சைட் கன்டென்ட் ஓவர் விநெட் என்று ஒன்று உண்டு, அதை 1 ஆக்குங்கள். போர்ட்டலில் என்றால் வி-நெட் இன்டக்ரேஷன் பக்கத்தில் கன்டென்ட் ஸ்டோரேஜ் என்று ஒரு டிக் இருக்கும். இது இல்லாவிட்டால், மற்ற போக்குவரத்து எல்லாம் வி-நெட் வழியாகப் போனாலும் ஃபைல் ஷேரை மவுன்ட் செய்வது மட்டும் பழைய பொது வழியிலேயே போகும், அது மூடியிருக்கிறது, ஆப் எழாது. உங்கள் 503-க்குக் காரணம் ஃபைல் எண்ட்பாயின்டும் இந்த ஒரு செட்டிங்கும் இல்லாததுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. கன்டென்ட் ஷேர் பெயரில் ஃபைல் ஷேர் உண்மையில் அந்த அக்கவுன்டில் இருக்கிறதா என்றும் பாருங்கள். மூடிய ஸ்டோரேஜில் புதிதாக ஆப் உருவாக்கும்போது ஷேரை நாமே முன்கூட்டி உருவாக்கி வைக்க வேண்டும்.

இனி சோதனை. ஆப்பின் பராமரிப்புத் தளமான குடு கன்சோலைத் திறங்கள். பெயருக்கு என்ன ஐபி வருகிறது என்று பார்க்க என்எஸ்லுக்கப் வேண்டாம், அந்தச் சூழலில் நேம் ரிசால்வர் என்கிற கமாண்டுதான் சரியான பதில் தரும். ஸ்டோரேஜின் ஃபைல் முகவரியைக் கொடுத்துப் பாருங்கள். உங்கள் சப்நெட்டின் (வி-நெட்டின் ஒரு பகுதி) 10.x முகவரி வந்தால் டிஎன்எஸ் சரி. பொது ஐபி வந்தால் ஸோன் லிங்கிலோ டிஎன்எஸ் சர்வரிலோதான் கோளாறு, ஃபயர்வாலைத் தொடவே வேண்டாம். பெயர் சரியாக வந்த பிறகு, போர்ட் திறந்திருக்கிறதா என்று பார்க்க டிசிபி-பிங் என்று ஒன்று இருக்கிறது, அதில் ஃபைல் முகவரிக்கு 445 போர்ட், மற்ற மூன்றுக்கும் 443 போர்ட். ஃபைல் ஷேர் எஸ்எம்பி என்கிற ஃபைல் பகிர்வு நெறிமுறையில் போவதால் 445. நிறைய நிறுவனங்களில் என்எஸ்ஜி-யிலோ (சப்நெட்டின் போக்குவரத்து விதிகள்) நடுவில் இருக்கிற ஃபயர்வாலிலோ 443-ஐ மட்டும் திறந்துவிட்டு 445-ஐ வழக்கம்போல மூடி வைத்திருப்பார்கள். அப்போது எல்லாம் சரியாக இருப்பதுபோலத் தெரியும், ஆப் மட்டும் எழாது.

ஆப் எழவே இல்லை என்றால் குடுவும் திறக்காமல் போகலாம். அப்படியானால் ஸ்டோரேஜின் பொது அணுகலைத் தற்காலிகமாகத் திறந்து, இந்தச் சோதனைகளை முடித்துவிட்டு மூடுங்கள். சோதனைச் சூழல்தானே.

---

நெல்லைக்காரி

போர்ட்445 சொன்னதைச் செய்து ஆப் எழுந்த பிறகும் உங்கள் எஸ்க்யூஎல் சிக்கல் தீராது, ஏனென்றால் அதன் காரணமே வேறு.

லாஜிக் ஆப்ஸ் ஸ்டாண்டர்டில் கனெக்டர் (வெளிச் சேவைகளோடு பேசுகிற இணைப்பு) இரண்டு வகை. ஒன்று பில்ட்-இன், அது உங்கள் ஆப்பின் ப்ராசஸுக்குள்ளேயே ஓடுகிறது, ஆகவே வி-நெட் இன்டக்ரேஷன் வழியாக வெளியே போகும். இன்னொன்று மேனேஜ்ட், டிசைனரில் ஷேர்டு என்று காட்டும். அது உங்கள் ஆப்பில் ஓடவே இல்லை. உங்கள் ஆப் மைக்ரோசாஃப்டின் பொதுவான கனெக்டர் சேவையைக் கூப்பிடுகிறது, அந்தச் சேவை தன்னுடைய சர்வரிலிருந்து, தன்னுடைய ஐபியிலிருந்து உங்கள் எஸ்க்யூஎல்லைத் தட்டுகிறது. அந்தச் சர்வர் உங்கள் வி-நெட்டில் இல்லை, அதற்கு உங்கள் பிரைவேட் எண்ட்பாயின்டும் தெரியாது, பிரைவேட் டிஎன்எஸ் ஸோனும் தெரியாது. விஎம்மிலிருந்து வேலை செய்து பணியோட்டத்திலிருந்து மறுப்பதற்கு இதுதான் காரணமாக இருக்க வேண்டும்.

ஊகிக்க வேண்டாம், ப்ராஜெக்டில் கனெக்ஷன்ஸ் ஜேசன் ஃபைலைத் திறந்து பாருங்கள். எஸ்க்யூஎல் கனெக்ஷன் சர்வீஸ் ப்ரொவைடர் கனெக்ஷன்ஸ் என்ற பகுதியில் இருந்தால் பில்ட்-இன். மேனேஜ்ட் ஏபிஐ கனெக்ஷன்ஸ் என்ற பகுதியில் இருந்தால் மேனேஜ்ட். கன்சம்ப்ஷன் என்கிற இன்னொரு வகை லாஜிக் ஆப்ஸில் கட்டியதை ஸ்டாண்டர்டுக்கு எடுத்து வந்திருந்தால் பெரும்பாலும் எல்லாமே இரண்டாவது பகுதியில்தான் கிடக்கும். இரண்டிலும் எஸ்க்யூஎல் ஐகான் கிட்டத்தட்ட ஒன்றுபோல இருப்பதால் டிசைனரில் பார்த்து யாருக்கும் சந்தேகம் வராது.

தீர்வு, எஸ்க்யூஎல், எஸ்எஃப்டிபி, சர்வீஸ் பஸ், பிளாப், கீ வால்ட் (ரகசியங்களை வைக்கும் பெட்டகம்) போன்றவற்றுக்கெல்லாம் பில்ட்-இன் வடிவம் இருக்கிறது, அதற்கு மாற்றுங்கள். ஆக்‌ஷன்களின் பெயரும் வெளியீட்டின் வடிவமும் கொஞ்சம் மாறும், ஆகவே பின்னால் வருகிற எக்ஸ்ப்ரஷன்களைத் திருத்த வேண்டியிருக்கும், அதற்கு நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள். இதற்கு பதிலாக எஸ்க்யூஎல் ஃபயர்வாலில் "அஸூர் சேவைகளை அனுமதி" என்கிற பெட்டியை டிக் செய்தால் உடனே வேலை செய்யும், தயவுசெய்து செய்யாதீர்கள். அது உங்கள் சப்ஸ்கிரிப்ஷனுக்கு மட்டுமான அனுமதி என்று பலர் நினைக்கிறார்கள். அஸூரில் யாருடைய சப்ஸ்கிரிப்ஷனிலிருந்து வந்தாலும் நெட்வொர்க் அளவில் உள்ளே விடும், அதற்கப்புறம் பாஸ்வேர்டு ஒன்றுதான் காவல்.

அவுட்லுக் மெயிலுக்கு மேனேஜ்ட் வடிவம்தான் வழி. அது போகிற இடமே பொது இணையத்தில் இருக்கிற சேவை என்பதால் தவறில்லை. ஆனால் வெளியே போகும் போக்குவரத்தை எல்லாம் ஒரு ஃபயர்வால் வழியாகத் திருப்பியிருந்தால், அஸூர் கனெக்டர்ஸ் என்கிற சர்வீஸ் டேகுக்கு (ஒரு சேவையின் ஐபிகளுக்கான தொகுப்புப் பெயர்) 443-ஐத் திறக்க வேண்டும், டோக்கன் வாங்க அஸூர் ஆக்டிவ் டைரக்டரி டேகையும் சேர்த்து. அந்த அடையாளச் சேவையின் பெயர் என்ட்ரா ஆகிவிட்டது, டேகின் பெயர் பழையதேதான்.

தொழிற்சாலை சர்வருக்கு இரண்டு வழி உண்டு. தொழிற்சாலையிலிருந்து அஸூருக்கு விபிஎன்னோ எக்ஸ்பிரஸ் ரூட்டோ இருந்தால், பில்ட்-இன் எஸ்க்யூஎல் கனெக்டரே வி-நெட் வழியாக நேராகப் போய்ச் சேரும், வேறு எதுவும் நிறுவ வேண்டாம். அது இல்லை என்றால் ஆன்-பிரெமிசஸ் டேட்டா கேட்வே. அதை அங்கே ஒரு விண்டோஸ் சர்வரில் நிறுவினால் அது உள்ளிருந்து வெளியே அஸூர் ரிலேக்குத் தொடர்பு எடுத்து வைத்துக்கொள்ளும், தொழிற்சாலை ஃபயர்வாலில் உள்வரும் போர்ட் எதையும் திறக்க வேண்டியதில்லை. ஆனால் கேட்வே மேனேஜ்ட் கனெக்டரோடுதான் சேரும், அதாவது தரவு கனெக்டர் சேவை வழியாகத்தான் போகும். உங்கள் பாதுகாப்புக் குழுவிடம் இதை இப்போதே எழுத்தில் சொல்லி ஒப்புதல் வாங்கிவிடுங்கள்.

---

ஈரோடு_தேவ்

இரண்டு பேருக்கும் மிக்க நன்றி. ஃபைல், க்யூ, டேபிள் மூன்றுக்கும் எண்ட்பாயின்ட் போட்டு செட்டிங்கையும் மாற்றினேன். நேம் ரிசால்வரில் நான்கு முகவரிக்கும் பொது ஐபிதான் வருகிறது. ஸோன்கள் வி-நெட்டோடு லிங்க் ஆகியிருக்கின்றன, இருமுறை சரிபார்த்தேன். வி-நெட்டின் டிஎன்எஸ் சர்வராக வாடிக்கையாளரின் சொந்த டிஎன்எஸ் சர்வர் முகவரி கொடுக்கப்பட்டிருக்கிறது, அது அவர்கள் அலுவலகத்தில் இருக்கிறது. இதனாலா?

கனெக்ஷன்ஸ் ஜேசனில் நெல்லைக்காரி சொன்னதுதான். எஸ்க்யூஎல்லும் எஸ்எஃப்டிபியும் மேனேஜ்ட் பகுதியில்தான் இருக்கின்றன. தொழிற்சாலைக்கு விபிஎன் ஏற்கெனவே உண்டு, ஆகவே பில்ட்-இன்னுக்கே மாற்றிவிடலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம்.

---

போர்ட்445

அதனாலேதான். பிரைவேட் டிஎன்எஸ் ஸோனுக்குப் பதில் சொல்வது 168.63.129.16 என்கிற அஸூரின் உள் டிஎன்எஸ். உங்கள் வி-நெட் கேள்வியை அலுவலகச் சர்வரிடம் கேட்கிறது, அந்தச் சர்வர் பொது டிஎன்எஸ்ஸிடம் கேட்டு பொது ஐபியைக் கொண்டுவந்து கொடுக்கிறது. ஸோன் லிங்க் எவ்வளவு சரியாக இருந்தாலும் யாரும் அதைக் கேட்கவில்லை.

அலுவலகச் சர்வரில் கண்டிஷனல் ஃபார்வர்டராக (குறிப்பிட்ட பெயர்களுக்கான கேள்வியை வேறு சர்வருக்கு அனுப்பும் விதி) நேரே 168.63.129.16-ஐக் கொடுத்தால் வேலை செய்யாது, அந்த முகவரி அஸூருக்குள்ளிருந்து மட்டுமே எட்டும். நடுவில் வி-நெட்டுக்குள் ஒன்று வேண்டும். அஸூர் டிஎன்எஸ் பிரைவேட் ரிசால்வர் போட்டு அதன் இன்பவுண்ட் எண்ட்பாயின்ட் முகவரிக்கு அலுவலகச் சர்வர் ஃபார்வர்ட் செய்யட்டும். ஃபார்வர்டரில் கொடுக்க வேண்டிய பெயர் பிளாப்.கோர்.விண்டோஸ்.நெட், ஃபைல்.கோர்.விண்டோஸ்.நெட் என்கிற மாதிரி பொதுப் பெயர்கள். பிரைவேட்லிங்க் என்று தொடங்குகிற பெயரைக் கொடுத்து நிறுத்திவிடாதீர்கள்.

வாடிக்கையாளரின் நெட்வொர்க் குழு இதற்கு நாள் எடுக்கும் என்றால், இடைக்காலத்துக்கு ஆப் செட்டிங்கில் வெப்சைட் டிஎன்எஸ் சர்வர் என்பதை 168.63.129.16 என்று கொடுத்துப் பாருங்கள். அந்த ஆப் மட்டும் அஸூர் டிஎன்எஸ்ஸைக் கேட்கும். தொழிற்சாலைச் சர்வரின் உள் பெயர் அப்போது தெரியாமல் போகும் என்பதால் நிரந்தரமாக வைக்க வேண்டாம்.

அப்புறம் ஒரு விஷயம், இன்டக்ரேஷன் சப்நெட் எவ்வளவு பெரியது? /28 போட்டிருந்தால் இப்போதே மாற்றுங்கள். 16 முகவரியில் 5 அஸூர் எடுத்துக்கொள்ளும், மிஞ்சுவது 11. பிளானின் ஒவ்வொரு இன்ஸ்டன்ஸும் ஒரு முகவரி எடுக்கும், டபிள்யூஎஸ்1-லிருந்து டபிள்யூஎஸ்2-க்கு ஏறும்போது சிறிது நேரம் இரட்டிப்பு முகவரி தேவைப்படும். ஆப் ஒட்டிக்கொண்ட பிறகு சப்நெட்டின் அளவை மாற்ற முடியாது. /26 என்று போட்டு நிம்மதியாக இருங்கள். பிரைவேட் எண்ட்பாயின்ட்களுக்கு வேறு சப்நெட், இந்தச் சப்நெட்டில் அவற்றை வைக்க முடியாது.

---

மேகவழி

வெளியே போகிற பக்கத்தை இவர்கள் பார்த்துக்கொண்டார்கள், உள்ளே வருகிற பக்கத்தைப் பற்றி நான் சொல்கிறேன். வி-நெட் இன்டக்ரேஷன் வெளியே போகிற போக்குவரத்துக்கு மட்டும். அதைப் போட்டதால் ட்ரிகர் யூஆர்எல் பாதுகாப்பாகிவிட்டது என்று நம்பிக்கொண்டிருக்கிற அமைப்புகளை நிறையப் பார்க்கிறேன், அது அப்படியே இணையத்தில் திறந்துதான் இருக்கும்.

ரிக்வெஸ்ட் ட்ரிகரின் யூஆர்எல்லைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள், கடைசியில் எஸ்ஐஜி என்று ஒரு நீளமான கையெழுத்து ஒட்டியிருக்கும். அதுதான் சாவி. யூஆர்எல் கையில் கிடைத்தவர் யாராக இருந்தாலும் பணியோட்டத்தைக் கூப்பிட்டுவிடலாம், யார் கூப்பிட்டார் என்பதும் தெரியாது. அது யூஆர்எல்லின் பகுதியாக இருப்பதால் ப்ராக்ஸி லாகில், ஈஆர்பியின் பிழைப் பதிவில், யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டில் என்று எங்கும் போய்ச் சேரும். அக்சஸ் கீயை மறுபடி உருவாக்கினால் பழைய யூஆர்எல்கள் செல்லாது. பணிக்கு வைத்திருந்த ஒருவர் விலகும்போதெல்லாம் இதைச் செய்கிற பழக்கம் வேண்டும்.

உங்கள் ஈஆர்பி விபிஎன் வழியாக அந்த வி-நெட்டை எட்டும் என்றால் ஆப்புக்கே ஒரு பிரைவேட் எண்ட்பாயின்ட் போட்டு பொது அணுகலை மூடிவிடுங்கள், அவ்வளவுதான். ஈஆர்பி வெளியே எங்கோ மேகத்தில் இருக்கிறது என்றால் முன்னால் ஏபிஐ மேனேஜ்மென்ட் என்கிற நுழைவாயில் சேவையை வைத்து, அங்கே என்ட்ரா டோக்கனைச் சரிபார்த்து, உள்ளே எஸ்ஐஜி யூஆர்எல்லை அது மட்டும் தெரிந்து வைத்திருக்கும்படி செய்யுங்கள். வெளியாருக்கு அந்த யூஆர்எல் தெரியவே வேண்டாம்.

நிலையான ஐபிக்கு, இன்டக்ரேஷன் சப்நெட்டில் நாட் கேட்வே (வெளியே போவதை ஒரு நிலையான பொது ஐபியிலிருந்து அனுப்புவது) ஒன்றைப் பொருத்தி, வெளியே போகும் இணையப் போக்குவரத்து முழுவதும் வி-நெட் வழியாகப் போகும்படி செய்தால் போதும், சப்ளையர் ஒரே ஒரு ஐபியை அனுமதித்தால் முடிந்தது. ஆப்பின் பண்புகளில் தெரிகிற அவுட்பவுண்ட் ஐபி பட்டியலைக் கொடுக்காதீர்கள், அந்த ஐபிகளை உங்களோடு மற்ற வாடிக்கையாளர்களின் ஆப்களும் பகிர்ந்துகொள்கின்றன. எஸ்எஃப்டிபி பில்ட்-இன்னாக மாறிய பிறகுதான் இது பலிக்கும். மேனேஜ்ட் எஸ்எஃப்டிபியாகவே இருந்தால் நாட் கேட்வே எதையும் செய்யாது.

---

நெல்லைக்காரி

மேகவழி சொன்னதில் "பொது அணுகலை மூடிவிடுங்கள், அவ்வளவுதான்" என்பதில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை, தேவ் விஷயத்தில் அது ஒப்புதல் மெயிலைக் கொன்றுவிடும்.

அவுட்லுக்கின் ஒப்புதல் மெயில் ஆக்‌ஷன் வெறும் மெயில் அனுப்புகிற வேலை இல்லை. மேலாளர் பட்டனை அழுத்தியதும் கனெக்டர் சேவை உங்கள் ஆப்பைத் திரும்பக் கூப்பிட்டு "ஒப்புக்கொண்டார்" என்று சொல்ல வேண்டும். அந்தச் சேவை பொது மேகத்தில் இருக்கிறது, உங்கள் பிரைவேட் எண்ட்பாயின்டுக்குள் அதனால் வர முடியாது. மெயில் ஒழுங்காகப் போகும், மேலாளரும் அழுத்துவார், பணியோட்டம் மட்டும் காத்துக்கொண்டே இருக்கும். பிழை எதுவும் கண்ணில் படாததால் கண்டுபிடிக்க ரொம்ப நேரம் ஆகும். டேட்டாவர்ஸ், ஈவென்ட் கிரிட் ட்ரிகர்கள் மாதிரி திரும்பக் கூப்பிடுகிற எல்லா மேனேஜ்ட் கனெக்டருக்கும் இதே கதை. அவுட்லுக்கின் புது மெயில் ட்ரிகர் முழுவதும் நிற்காது, ஆனால் மணிக்கு ஒருமுறைதான் ஓடும்.

செய்யக்கூடியது: பிரைவேட் எண்ட்பாயின்டையும் வைத்துக்கொண்டு, பொது அணுகலை முழுவதும் மூடாமல் அக்சஸ் ரெஸ்ட்ரிக்‌ஷனில் அஸூர் கனெக்டர்ஸ் சர்வீஸ் டேக் ஒன்றை மட்டும் அனுமதியுங்கள், மற்ற எல்லாவற்றுக்கும் மறுப்பு. லாஜிக் ஆப்ஸ் ஸ்டாண்டர்டு ஓடுகிற ஆப் சர்வீஸ் தளத்தில் இரண்டும் சேர்ந்து இருக்கலாம். அந்த டேகில் மற்ற வாடிக்கையாளர்களின் கனெக்டர்களும் அடக்கம் என்பதால் இது முழுப் பூட்டு இல்லை, எஸ்ஐஜி கையெழுத்து அப்போதும் தேவை. பாதுகாப்புக் குழு அதையும் ஏற்காவிட்டால், ஒப்புதல் ஆக்‌ஷனை விட்டுவிட்டு சாதாரண மெயிலில் ஒரு லிங்க் அனுப்பி, அந்த லிங்க் ஏபிஐ மேனேஜ்மென்டுக்கு வந்து மேலாளரை என்ட்ராவில் லாகின் செய்ய வைத்து, பிறகு பணியோட்டத்தைத் தொடரச் செய்யலாம். வேலை கூடுதல், ஆனால் யார் ஒப்புக்கொண்டார் என்பதற்கு அசைக்க முடியாத பதிவு கிடைக்கும். ஆர்டர் தொகை பெரிதாக இருக்கிற இடத்தில் நான் இதைத்தான் விரும்புவேன்.

பழைய பதிவுகளைத் தேடினால் ஐஎஸ்இ என்கிற இன்டக்ரேஷன் சர்வீஸ் என்விரான்மென்ட் போடச் சொல்லி நிறையப் பேர் எழுதியிருப்பார்கள். அது 2024 ஆகஸ்ட் 31-ஓடு நிறுத்தப்பட்டுவிட்டது, அந்தப் பக்கம் போக வேண்டாம்.

---

சம்பளப்பட்டியல்

நெட்வொர்க்கை இவ்வளவு இறுக்கிவிட்டு ரன் ஹிஸ்டரியை அப்படியே விட்டுவிடுகிறார்கள், அதனால்தான் எழுதுகிறேன். நான் பார்க்கிற பணியோட்டங்களில் ஊழியர்களின் வங்கிக் கணக்கு, பான் எண் எல்லாம் போகும். போர்ட்டலில் ரன் ஹிஸ்டரியைத் திறந்து ஒரு ஆக்‌ஷனைக் கிளிக் செய்தால் அதன் உள்ளீடும் வெளியீடும் பச்சையாகத் தெரியும். அந்த ரிசோர்ஸைப் பார்க்க அனுமதி வாங்கிய எந்த சப்போர்ட் ஆளும் அதைப் படிக்கலாம்.

ஒவ்வொரு ஆக்‌ஷனின் செட்டிங்கிலும் செக்யூர் இன்புட்ஸ், செக்யூர் அவுட்புட்ஸ் என்று இரண்டு ஸ்விட்ச் உண்டு. கீ வால்டிலிருந்து ரகசியம் எடுக்கிற ஆக்‌ஷனில் வெளியீட்டை மறைக்காவிட்டால் அந்த ரகசியம் ஹிஸ்டரியில் உட்கார்ந்திருக்கும். எல்லா இடத்திலும் போட்டுவிட்டால் பிழை திருத்தவே முடியாமல் போகும், ஆகவே எந்த ஆக்‌ஷனில் தனிநபர் விவரம் வருகிறது, எதில் வரவில்லை என்று உட்கார்ந்து பார்த்துப் போடுங்கள். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 வந்த பிறகு ஆடிட்டர்கள் இதைக் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள்.

எஸ்க்யூஎல்லை பில்ட்-இன்னுக்கு மாற்றுகிற அதே வேளையில் கனெக்ஷன் ஸ்ட்ரிங்கையும் தூக்கிவிட்டு மேனேஜ்ட் ஐடென்டிட்டிக்கு (பாஸ்வேர்டு இல்லாமல் ஆப்புக்கு அஸூர் தருகிற அடையாளம்) போய்விடுங்கள். டேட்டாபேஸில் அந்த ஐடென்டிட்டிக்கு ஒரு யூசர் உருவாக்கி, விலைப்பட்டியல் டேபிளைப் படிக்க மட்டும் உரிமை கொடுங்கள். டிபி ஓனர் (முழு உரிமை) கொடுத்துவிட்டு பிறகு குறைக்கலாம் என்றால் அந்தப் பிறகு வராது. சப்ளையரின் எஸ்எஃப்டிபி சாவி மாதிரி தவிர்க்க முடியாதவற்றைக் கீ வால்டில் வைத்து ஆப் செட்டிங்கில் ரெஃபரன்ஸ் மட்டும் கொடுங்கள். கீ வால்டுக்கும் பிரைவேட் எண்ட்பாயின்டும் டிஎன்எஸ் ஸோனும் வேண்டும், அதே கதைதான்.

---

ஈரோடு_தேவ்

நிலவரம் சொல்கிறேன். வெப்சைட் டிஎன்எஸ் சர்வர் செட்டிங் போட்டதும் நேம் ரிசால்வரில் நான்கும் 10.x முகவரியாக வந்தன. ஆனாலும் ஆப் எழவில்லை. டிசிபி-பிங்கில் ஃபைல் முகவரிக்கு 445 மட்டும் டைம்-அவுட். எண்ட்பாயின்ட் சப்நெட்டின் என்எஸ்ஜி-யில் 443-ஐ மட்டும் உள்ளே விடுகிற விதி, வாடிக்கையாளரின் பொது டெம்ப்ளேட்டிலிருந்து வந்திருக்கிறது. 445-ஐ இன்டக்ரேஷன் சப்நெட்டிலிருந்து மட்டும் திறக்கச் சொன்னேன், திறந்தார்கள், ஆப் ஓடுகிறது. ஸ்டோரேஜ் பொது அணுகல் மூடியே இருக்கிறது. பிரைவேட் ரிசால்வருக்கு அவர்கள் நெட்வொர்க் குழு ஒப்புக்கொண்டுவிட்டது, வந்ததும் இந்தச் செட்டிங்கை எடுத்துவிடுவேன்.

எஸ்க்யூஎல் பில்ட்-இன்னில் மேனேஜ்ட் ஐடென்டிட்டியோடு பிரைவேட் எண்ட்பாயின்ட் வழியாகவே போகிறது. எஸ்எஃப்டிபி மாற்றம் பாதியில் இருக்கிறது, நாட் கேட்வே தயார். ஒப்புதலுக்கு நெல்லைக்காரி சொன்ன இரண்டாவது வழியைத்தான் பாதுகாப்புக் குழு கேட்கிறது.

மீதி ஒரே ஒரு கேள்வி. ஆப்புக்குப் பிரைவேட் எண்ட்பாயின்ட் போட்டதும் டெவ்ஆப்ஸ் பைப்லைனில் டிப்ளாய் நின்றுவிட்டது, 403 (அனுமதி மறுப்பு) வருகிறது. என் லேப்டாப்பில் போர்ட்டலில் ரன் ஹிஸ்டரியும் திறக்கவில்லை. எனக்கு விபிஎன் இருக்கிறது.

---

மேகவழி

எதிர்பார்த்ததுதான். பிரைவேட் எண்ட்பாயின்ட் போட்டால் ஆப்போடு சேர்ந்து அதன் எஸ்சிஎம் என்கிற பராமரிப்புத் தளமும் உள்ளே போய்விடும், டிப்ளாய் நடப்பது அந்த எஸ்சிஎம் வழியாக. பைப்லைனை ஓட்ட மைக்ரோசாஃப்ட் தருகிற ஏஜென்ட் பொது இணையத்தில் இருப்பதால் அதற்கு 403. வி-நெட்டுக்குள் ஒரு சின்ன விஎம்மிலோ ஸ்கேல் செட்டிலோ செல்ஃப்-ஹோஸ்டட் ஏஜென்ட் போட்டு பைப்லைனை அந்தப் பூலுக்கு மாற்றுங்கள். எஸ்சிஎம்முக்கு மட்டும் பொது வழியைத் திறந்துவிடலாமா என்று யாராவது கேட்டால் மறுத்துவிடுங்கள், குடு கன்சோல் இருப்பதும் அங்கேதான், ஆப் செட்டிங் முழுவதையும் அதில் படித்துவிடலாம்.

ரன் ஹிஸ்டரி திறக்காததற்குக் காரணம், போர்ட்டல் அந்த விவரங்களை உங்கள் பிரௌசரிலிருந்தே நேராக ஆப்பிடம் கேட்கிறது. விபிஎன் இருந்தாலும் லேப்டாப்பின் டிஎன்எஸ் பொது ஐபியைக் கொடுத்தால் போய்ச் சேராது. பிரைவேட்லிங்க்.அஸூர்வெப்சைட்ஸ்.நெட் ஸோனில் ஆப் பெயருக்கு ஒன்று, எஸ்சிஎம் பெயருக்கு ஒன்று என இரண்டு பதிவு இருக்கிறதா என்று பாருங்கள், பிறகு அலுவலக டிஎன்எஸ்ஸில் அஸூர்வெப்சைட்ஸ்.நெட் பெயரையும் பிரைவேட் ரிசால்வருக்கு ஃபார்வர்ட் செய்யச் சொல்லுங்கள். ரிசால்வர் வருகிற அன்றே ஸ்டோரேஜின் நான்கு பெயர், எஸ்க்யூஎல், கீ வால்ட், இது எல்லாவற்றையும் ஒரே டிக்கெட்டில் கொடுத்துவிட்டால் நெட்வொர்க் குழுவிடம் மறுபடி மறுபடி போக வேண்டியிருக்காது.